மேகம் வாய் திறக்காத பிளேட்டு

கண்ணு,

உன் கடுதாசி செவ்வாய்க்கிழமை வந்தது. உன் அப்பா மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் நானே பிரித்துப் படித்துவிட்டேன். கொழும்பில் திறக்கப்போகிற கிராமபோன் பிளேட்டுக் கடைக்கு முதலாளி உன்னையே பொறுப்பாக அனுப்புகிறார் என்பதைப் படித்தபோது பெருமையாகத்தான் இருந்தது. தை பிறந்ததும் கப்பலேற வேண்டும் என்று அடுத்த வரியில் இருந்ததைப் படித்ததும் கொஞ்ச நேரம் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். கடைசியில் நீ ஒரு கேள்வி கேட்டிருந்தாய். மேகப் பாட்டு பிளேட்டை வாங்க வருகிறவர்கள் எல்லாரும், “தங்கைக்காரி ஏன் ரெண்டு இடத்தில் பாடாமல் விட்டாள்?” என்று உன்னிடம் கேட்கிறார்கள், அந்தத் தங்கையின் மகனாக இருந்தும் உனக்குச் சொல்லத் தெரியவில்லை. “நம்ம வீட்டுக் கதையைத் தெரிந்துகொள்ளாமலே கடல் தாண்டப் போகிறேன் அம்மா” என்று எழுதியிருக்கிறாய். அந்த வரிதான் என்னை இப்போது பேனா பிடிக்க வைத்தது.

ஊரில் உலவும் கதைகள் எனக்கும் தெரியும். அன்று காலை அக்காளுக்கும் தங்கைக்கும் சண்டை, அதனால்தான் தங்கை வாயைத் திறக்கவில்லை என்பது ஒன்று. எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது என்பது இன்னொன்று. மதராஸில் ஒரு பாகவதர் தம் சீடர்களிடம் சொன்னாராம்: “மழைக்காக ஏங்குகிறவள் கேட்டதும் மேகம் உடனே பதில் சொல்லிவிடுமா? இரண்டு தடவை மௌனம் சாதித்து மூன்றாம் தடவைதான் வாய் திறக்கிறது. பாட்டின் உயிரே அதில்தான் இருக்கிறது.” அப்படி யோசித்தவர் யார் என்றுகூட விசாரித்தாராம். அதைக் கேட்டு உன் அப்பா ஹார்மோனியத்தின் மேல் கவிழ்ந்து சிரித்தார். யாரும் யோசிக்கவில்லை, கண்ணு. நடந்தது வேறு. பெரிதாக எதையோ கண்ட ஒருத்தி சொல்வதைப் போலத்தான் இதை எனக்குச் சொல்லத் தெரியும். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அன்று நடந்ததை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

உன் பெரியம்மா பாவாயியும் நானும் பாட ஆரம்பித்தது நாடகக் கொட்டகைகளில். காட்சிக்கும் காட்சிக்கும் நடுவில் படுதா இறங்கியதும் நாங்கள் இருவரும் முன்னால் வந்து நின்று பாடுவோம். உள்ளே வேஷம் மாற்ற நேரம் கொடுப்பதுதான் எங்களுக்கு இட்ட வேலை. ஒரு கட்டத்தில், ராசிபுரத்திலும் ஜலகண்டாபுரத்திலும், நாடகத்தை விட்டுவிட்டு நாங்கள் இருவரும் பாடினால் போதும் என்று கேட்கத் தொடங்கினார்கள். எங்கள் முதல் பிளேட்டு வெளிவந்தபோது அதன் நடுவில் ஒட்டிய சீட்டில் “பாவாயம்மாளும் தங்கையும்” என்றுதான் அச்சடித்திருந்தார்கள். என் பெயரைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் அது குறையாகப் படவில்லை. அந்தப் பிளேட்டில் சலங்கைச் சத்தம் கேட்கும் அல்லவா? அது சலங்கை இல்லை. சலங்கைப் பெட்டியை ரயிலில் மறந்துவிட்டோம். உன் அப்பா தன் டிரங்குப் பெட்டிச் சாவிக்கொத்தை எடுத்துத் தாளத்துக்குக் குலுக்கினார். இதை நீ கொழும்பில் தாராளமாகச் சொல்லலாம்.

மேகப் பாட்டின் மெட்டு வந்தது கிணற்றடியிலிருந்து. நம் பக்கத்தில் மாடு கட்டிக் கவலை ஏற்றம் ஓட்டித் தண்ணீர் இறைக்கிறவர்கள், மாடுகள் பின்வாங்கும்போது ஒரு இழுப்பு இழுத்துப் பாடுவார்களே, அந்த இழுப்புதான். வார்த்தை அக்காளுடையது.

“மேகமே ஒரு சொல்லுச் சொல்லு – என்
மேட்டாங் காட்டைப் பார்த்து நில்லு”

என்று அவள் கேட்பாள். மேகமாக நான் “வாரேன்… வாரேன்…” என்று பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் மேகத்துக்கு அந்த ஒரே சொல்தான். மூன்று அடி, மூன்று பதில். “உனக்கு வேலை கம்மி அம்முணி, ஆனா இடத்தை மட்டும் உட்டுடாதே” என்று அக்காள் சிரிப்பாள்.

அப்போது மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கெங்கிருந்தோ வந்த ஆட்கள் தகரக் கொட்டகைகளில் குடியிருந்தார்கள். அவர்களுக்குப் பாடக் கூப்பிட்டார்கள். ஒலிபெருக்கி ஒன்றும் கிடையாது. நான் பாடியபோது முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் மட்டும் தலையாட்டினார்கள். அக்காள் வாயெடுத்தாள். தூரத்தில் கல் உடைத்துக்கொண்டிருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சம்மட்டியைக் கீழே வைத்தார்கள். சாரத்தின் மேலே இருந்தவர்கள் இறங்காமல் அங்கேயே குந்தினார்கள். ஒரு தெலுங்குக்கார அம்மாள், நம் பாஷை ஒரு வார்த்தை தெரியாதவள், மேடைக்கு வந்து அக்காளின் கழுத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். என்கூடப் பாயில் படுத்து எழுந்த அக்காளிடமா இது இருக்கிறது என்று நான் அன்றைக்கே மலைத்துப்போனேன்.

மேட்டூரிலிருந்து திரும்பியபோது அவளுக்குக் காய்ச்சல். அந்தக் கொட்டகைகளில் குளிர்காய்ச்சல் சாதாரணம். மருந்து மேல் மருந்தாகக் கொயினா கொடுத்தார்கள். உயிர் பிழைத்தாள். எழுந்து உட்கார்ந்த அன்று, “ஏன் எல்லாரும் வாயை மட்டும் அசைக்கறீங்க?” என்று கேட்டாள். கோயில் திருவிழாவுக்கு வேட்டுப் போட்டார்கள், காக்கைகள் எல்லாம் பறந்தன, அவள் திரும்பவில்லை. உயிரைக் கொடுத்த கொயினா காதை வாங்கிக்கொண்டது. உன் பெரியப்பா அதற்கு முன்பே காலமாகிவிட்டார், பிள்ளை கிடையாது. பாட்டு ஒன்றுதான் அவளுக்கு இருந்தது. அதையும் மூட்டை கட்டி வைத்துவிட்டாள். நான் வற்புறுத்தியபோது, “எங்கொரலு எனக்கே கேக்கல. ஊரு கேட்டு என்ன ஆகப்போவுது?” என்றாள். அதற்குப் பிறகு நானும் பாடவில்லை. உன் அப்பா ஹார்மோனியத்தின் மேல் துணி போட்டு மூடி வைத்தார்.

அதைத் திறக்க வைத்தது யார் தெரியுமா? நீதான். உனக்கு அப்போது பேச்சு வந்திருந்த வயது. பகலில் பெரியம்மாவின் மார்பில் படுத்தால்தான் தூங்குவாய். காய்ச்சலுக்கு முன்பெல்லாம் அவள் முணுமுணுத்துக்கொண்டே தட்டுவாள். இப்போது தட்டுவதோடு சரி. ஒரு மத்தியானம் நீ தூங்காமல் முரண்டு பிடித்தாய். அவள் தொண்டையில் உன் உள்ளங்கையை வைத்து, கதவைத் தட்டுவதுபோல் தட்டி, “பாடு பெரிம்மா, பாடு” என்றாய். உன் உதட்டைப் பார்த்து அவளுக்குப் புரிந்தது. மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். நீ விடவில்லை. அழுதாய், மறுபடி தட்டினாய். கடைசியில் அவள் கண்ணை மூடிக்கொண்டு மெல்ல இழுத்தாள். நான் அடுக்களையில் அரைத்துக்கொண்டிருந்த கையோடு ஓடிவந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உன் அப்பா சத்தமில்லாமல் துணியை விலக்கி, அவளுடைய பழைய சுருதிக் கட்டையை அமுக்கினார். கண்ணு, அந்தச் சுரமும் அவள் குரலும் ஒட்டிக்கொண்டன. நூலளவு விலகவில்லை. தனக்கே கேட்காத குரலை, அத்தனை மாதம் பூட்டி வைத்த குரலை, வைத்த இடத்திலிருந்து அப்படியே எடுத்தாள். உன் அப்பா கட்டையிலிருந்து விரலை எடுக்க மறந்து உட்கார்ந்திருந்தார். நீ தூங்கிவிட்டாய்.

அவள் கண்ணைத் திறந்து எங்கள் முகத்தைப் பார்த்தாள். “சுருதி நின்னுச்சா மச்சான்?” என்று கேட்டாள். உன் அப்பா ஆமென்று தலையை ஆட்டினார்.

அன்றிலிருந்து பழக ஆரம்பித்தோம். அக்காள் இடது உள்ளங்கையை ஹார்மோனியத்தின் பக்கப் பலகையில் அழுத்தி வைத்துக்கொள்வாள். சுரம் மரத்தில் அதிர்வது அவளுக்குத் தெரியும். நான் பின்னால் நின்று அவள் முதுகில் விரலால் தாளம் தட்டுவேன். என் பதில் வரும் இடத்தில் அந்தத் தட்டுக்களை எண்ணிக்கொண்டு காத்திருப்பாள், முடிந்ததும் அடுத்த அடியை எடுப்பாள். சில நாள் குரல் கிணற்றில் விழுந்த வாளி மாதிரி எங்கோ போய்விடும். அழுவாள். மறுநாள் காலையில் அவளே ஹார்மோனியத்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருப்பாள்.

காய்ச்சலுக்கு முன்பே மேகப் பாட்டைப் பிளேட்டில் எடுக்க ஏற்பாடாகியிருந்தது. ஏற்பாடு செய்தவர் சேலத்தில் பிளேட்டுக் கடை வைத்திருந்த ராவுத்தர். அக்காளுக்குக் காது போய்விட்டது என்று கேள்விப்பட்டு, கம்பெனிக்கு இல்லை என்று எழுதிவிடலாமா என்று கேட்க பஸ் ஏறி ராசிபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்தவரை உட்கார வைத்து அக்காள் ஒரு அடி பாடினாள். அவர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார்.

“யா அல்லா! இந்தம்மாவுக்கா காது கேக்கலைங்கறீங்க?”

“கேக்காதுங்க. மெட்ராசுல பாட்டு எடுக்கற வெள்ளக்காரத் தொரை என்ன சொல்லுவாரோ” என்றேன் நான்.

“தொரைகிட்ட நான் பொய் சொல்ல மாட்டேம்மா. அவரு கேக்காததை நானா வாயைத் தொறந்து சொல்லவும் மாட்டேன். பாட்டைக் கேட்டுட்டு அவரே முடிவு பண்ணட்டும்.”

மதராஸில் ஒரு பங்களா. அறை முழுக்கத் தடித்த திரை, சுவரில் கம்பளி. மின்விசிறியை நிறுத்திவிட்டார்கள், அதன் சத்தம்கூடப் பதிந்துவிடுமாம். நடுவில் மைக். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தட்டையான மெழுகு ஒன்று சுற்றத் தயாராக இருந்தது. அதில் ஊசி கோடு கிழித்துக்கொண்டே போகும். சிவப்பு விளக்கு எரிந்ததும் பாட வேண்டும், அணைவதற்குள் முடிக்க வேண்டும். இருமினாலும் தும்மினாலும் அந்த மெழுகு வீண். அதைப் போட்டுக் கேட்டுப் பார்க்கவும் முடியாது, போட்டால் கெட்டுவிடும். துரை கையைக் காட்டியும் விரலை மடக்கியும் எங்களுக்கு விளக்கினார். பாஷை தெரியாதவர்களுக்கு அவர் வழக்கமாகச் செய்வதுதான் அது. எங்களுக்கு அது வசதியாகப் போயிற்று. அக்காள் மைக்குக்கு முன்னால் நின்றாள். மேசைமேல் ஹார்மோனியம், அதை வாசிக்க உன் அப்பா, அவள் இடது கை அதன் பலகையில். நான் அவளுக்குப் பின்னால், சற்றுத் தள்ளி, என் வலது கை அவள் முதுகில். அவள் முதுகு அசையவில்லை.

விளக்கு எரிந்தது. அக்காள் பாட ஆரம்பித்தாள்.

இத்தனை மாதமாக எங்கள் வீட்டில் கேட்ட குரல் இல்லை அது. மேட்டூரில் சம்மட்டியைக் கீழே வைக்க வைத்த குரலும் இல்லை. காது இருந்தபோது தன் குரலைத் தானே கேட்டுக்கேட்டு அங்கங்கே அழகு பண்ணுவாள், சின்னச் சின்னதாக வளைப்பாள். இப்போது அது ஒன்றும் இல்லை. யாருக்காகவும் இல்லாமல், தனக்காகவும் இல்லாமல், காய்ந்த காட்டில் நின்று ஒருத்தி வானத்தைப் பார்த்துக் கேட்கிறாள், அவ்வளவுதான். என் உள்ளங்கை வழியாக அவள் நெஞ்சுக்கூடு அதிர்வது எனக்குள் ஏறியது. முதல் அடி முடிந்தது. நான் பாட வேண்டிய இடம் வந்தது. கண்ணு, நான் பாடவில்லை. சண்டை இல்லை, தொண்டையும் கட்டவில்லை. கேட்டுக்கொண்டே நின்றுவிட்டேன். நானும் பாட வந்தவள் என்பதே எனக்கு நினைவில் இல்லை. என் விரல் மட்டும் தன்பாட்டில் தாளம் தட்டிக்கொண்டிருந்தது.

உன் அப்பா முகம் வெளுத்துப்போய் என்னைப் பார்த்தார். ஆனால் வாசிப்பை நிறுத்தவில்லை. அக்காளுக்கோ நான் பாடாதது தெரியாது. என் பதிலுக்கு உரிய நேரம் அத்தனையும் காத்திருந்தாள். தலையை லேசாகச் சாய்த்து, பதிலைக் கேட்டுக்கொள்கிறவள் மாதிரி நின்றாள். பிறகு அந்தப் பதிலுக்கு மனம் இளகியவளாக இரண்டாம் அடியை எடுத்தாள். இரண்டாம் முறையும் நான் வாய் திறக்கவில்லை. மூன்றாவது அடியில்தான் உன் அப்பா மேசைக்கடியில் காலை நீட்டி என் காலை மிதித்தார். அப்போதுதான் நினைவு வந்து “வாரேன்… வாரேன்…” என்றேன். அழுகையும் பாட்டும் கலந்து வந்த அந்தக் குரலைத்தான் நீ பிளேட்டில் கேட்கிறாய். விளக்கு அணைந்தது.

ராவுத்தர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். துரை கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, என்னைக் காட்டி ஏதோ கேட்டார்; ரெண்டு இடத்தில் ஏன் பாடவில்லை என்றுதான் கேட்டிருப்பார். அந்த நேரம் பார்த்து உள்ளே ஒரு ஆள் இரும்பு மூடி ஒன்றைக் கைதவறிக் கீழே போட்டான். எங்கள் எல்லாருக்கும் தூக்கிவாரிப்போட்டது. அக்காள் மட்டும் அணைந்த விளக்கைப் பார்த்தபடி அப்படியே நின்றாள். துரை அவளைப் பார்த்தார். ஹார்மோனியப் பலகையில் இன்னும் அழுந்தியிருந்த அவள் கையைப் பார்த்தார். பிறகு அவள் முதுகில் இருந்த என் கையைப் பார்த்தார். கடைசியில் ராவுத்தரிடம் தாழ்ந்த குரலில் ஒரே ஒரு வரி சொன்னார்.

“இன்னொரு தடவை எடுக்க வேணாங்கறாரும்மா. இதுவே இருக்கட்டுங்கறாரு” என்றார் ராவுத்தர். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

சேலத்துக்கு வண்டி ஏறுவதற்காக சென்ட்ரலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். உன் அப்பா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். அக்காளின் முகத்தை என் பக்கம் திருப்பி, உதடு தெரியும்படி நிதானமாகச் சொன்னேன். “அக்கா, முதல் ரெண்டு இடத்துல நான் பாடலீங்க்கா. நீங்க பாடறதைக் கேட்டுக்கிட்டே நின்னுட்டேன்.”

அவள் என் வாயையே பார்த்தாள். “பாடலியா?”

“இல்லீங்க்கா.”

“வெளையாடாத. எனக்குக் கேட்டுச்சே” என்றாள்.

நான் இல்லையென்று தலையை ஆட்டினேன். அவள் என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். “நெசமாத்தான் அம்முணி. ரெண்டு தடவையும் உங்கொரலு எனக்குக் கேட்டுச்சு. காச்சலுக்கு அப்பறம் நான் கேட்ட மொத சத்தம் அதுதான்” என்றாள். வண்டி வந்தது, ஏறி உட்கார்ந்தோம். ஜோலார்ப்பேட்டை தாண்டும்வரை என் கையை அவள் விடவில்லை.

இதில் எது நிஜம், எப்படி நடந்தது என்று என்னைக் கேட்காதே. எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதில் எனக்கு வருத்தமும் இல்லை. உனக்கு ஒன்று மட்டும் சொல்லத் தோன்றுகிறது. அந்தக் கடையில் யார் வந்து எந்தப் பிளேட்டைக் கேட்டாலும் முழுசாகப் போட்டுக் காட்டு, பாதியில் ஊசியைத் தூக்காதே. தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிற நம் ஜனங்கள் வாசலில் வந்து நிற்பார்கள், வாங்கமாட்டார்கள். நிற்கட்டும், விரட்டாதே. எந்தப் பாட்டில் எவருக்கு என்ன கேட்கிறது என்பது கடைக்காரனுக்குத் தெரியாது. சாப்பாட்டு விஷயத்தில் அசட்டையாக இருக்காதே. மாதம் ஒரு கடுதாசியாவது போடு. அப்பாவுக்குத் தனியாக நாலு வரி எழுது; கேட்கமாட்டார், ஆனால் எதிர்பார்ப்பார்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. பிளேட்டு வெளிவந்த மறுவருஷம் வாழப்பாடித் தேர்த்திருவிழாவுக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். பொழுது இறங்குகிற நேரம். சந்தைத் திடலில் பலகை போட்ட மேடை. கண்ணுக்கு எட்டிய மட்டும் தலைகள். இந்த முறை இடத்தை விடக்கூடாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே நின்றேன். அக்காள் முதல் அடி பாடி முடித்தாள். நான் வாயைத் திறந்தேன். திடலைப் பார்த்தேன். அத்தனை பேரும் மூச்சு விடாமல் நின்றார்கள். கரும்புக்காரன் வெட்டரிவாளைத் தூக்கியது தூக்கியபடி நின்றான். பொரிகடலை விற்கிறவள் தட்டைத் தலையிலிருந்து இறக்காமல் நின்றாள். பிளேட்டில் மேகம் பேசாத நேரம் எவ்வளவோ அவ்வளவு நேரமும் அந்தக் கூட்டம் மேகத்துக்காகக் காத்திருந்தது. அதைக் கலைக்க நான் யார்? வாயை மூடிக்கொண்டேன். இரண்டாம் அடிக்கும் அப்படியே. அக்காள் அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டே பாடினாள். கேட்காத காதுக்கு முன்னால் ஒரு ஊரே சத்தமில்லாமல் நின்றதை அவள் கண்ணால் பார்த்தாள்.

மூன்றாம் அடி வந்தது. “வாரேன்…” என்று நான் எடுத்ததுதான் தெரியும். திடல் முழுவதும் கூடவே எடுத்தது. ஆணும் பெண்ணும் குழந்தையும், தேரின் வடத்தைப் பிடித்திருந்தவர்களும், தூரத்தில் வண்டி மேல் ஏறி நின்றவர்களும், “வாரேன்… வாரேன்…” என்று வானத்தைப் பார்த்துப் பாடினார்கள். என் குரல் அதில் எங்கே போயிற்றோ. உன் அப்பா வாசிப்பதை நிறுத்திவிட்டார். அக்காள் ஹார்மோனியத்திலிருந்து கையை எடுத்தாள். குனிந்து தன் வெறுங்காலைப் பார்த்தாள். பிறகு அந்த மேடையில், அத்தனை பேர் பார்க்க, முழங்காலிட்டு இரண்டு உள்ளங்கையையும் பலகையில் விரித்து வைத்தாள். நான் பதறிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தை உனக்கு எப்படி எழுதிக் காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை, கண்ணு.

“அம்முணி, கையை வெச்சுப் பாரு” என்றாள். “பலகை பாடுது.”

நானும் வைத்தேன். பாடியது.

உன் வரவை நினைத்திருக்கும்
அம்மா